ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால்...

இரவிலும் பகலிலும் மனிதர்கள் உறங்குவதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையின் 'ரூம்' அத்தியாயத்தில் (30:23) எடுத்துக் காட்டுகின்றான். பகலெல்லாம் ஓடி உழைத்த மனிதன் படுக்கையில் சாய்ந்ததும் ஊரையும் உறவையும் உடைமையையும் மறந்து விடுகின்றான். ஆயினும் அவனுடைய உள்ளம் சிலவற்றை மறப்பதில்லை. மறக்காத அந்த ஒன்று, சிலருக்கு ஒரே கனவாக மாதக்கணக்கில் வந்து கொண்டேயிருக்கின்றது.

எங்கள் எரியோட்டிலும், சுற்றியுள்ள வேடசந்தூர், வடமதுரைப் பகுதிகளிலும் பள்ளிவாசல் இமாம்களிடம் மக்கள் கொண்டு வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "அஜ்ரத், மூணு ராத்திரியா அத்தா கனவுல வந்து நிக்கிறாரு. ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு" என்பார் ஒருவர். "பாம்பு துரத்துது", "கிணத்துல விழுகிற மாதிரியே வருது", "பல்லு கொட்டுது" என்பார்கள் வேறு சிலர். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான். "ஒரு தடவை வந்தா சரி, திரும்பத் திரும்ப வருதே, இதுல ஏதோ இருக்குமில்ல?"

இக்கேள்வியை அலட்சியப்படுத்துவதற்கில்லை. இதற்குத் தரப்படும் தவறான விடையினால் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. திரும்ப வருவதனாலேயே ஒரு கனவு நம்மைக் கட்டுப்படுத்தும் கட்டளையாகி விடுமா என்பதை மார்க்கத்தின் ஒளியில் சிந்திப்போம்.

மூன்று வகைக் கனவுகள்

கனவுகளைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். அல்லாஹ்விடமிருந்து வரும் நன்மாராயம் ஒன்று. ஷைத்தான் உண்டாக்கும் கவலை மற்றொன்று. மனிதன் விழிப்பில் தனக்குள்ளே பேசிக் கொண்டிருப்பவை உறக்கத்தில் உருப்பெற்று வருவது மூன்றாவது. முஸ்லிம் ஷரீஃபில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இந்த ஹதீஸ் வந்துள்ளது. முஃமினின் நல்ல கனவு நுபுவ்வத்தின் நாற்பத்தாறு பாகங்களில் ஒன்று என்றும் ஸஹீஹான ஹதீஸ்களில் காணப்படுகின்றது. எனவே கனவு வெறும் பொய் என்று தள்ளுவதும் சரியன்று; கண்டதெல்லாம் இறைச்செய்தி என்று கொள்ளுவதும் சரியன்று.

கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து துன்புற்றவர்கள் ஆரம்ப காலத்திலும் இருந்திருக்கின்றார்கள். தாபியீன்களில் ஒருவரான அபூஸலமா (ரஹ்) அவர்கள், தம்மை நோயாளியாகவே ஆக்கிவிடும் கனவுகளைக் கண்டு வந்தார்கள். அபூகதாதா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னபோது, அவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த முறையை எடுத்துரைத்தார்கள். இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்ப வேண்டும். அக்கனவின் தீங்கை விட்டும் ஷைத்தானை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேட வேண்டும். அதை யாரிடமும் சொல்லித் திரியக்கூடாது. அப்படிச் செய்தால் அது தீங்கு செய்யாது. புரண்டு மறுபக்கம் படுக்கும்படியும், எழுந்து தொழும்படியும் வேறு அறிவிப்புகளில் வந்துள்ளது. அதன் பிறகு அபூஸலமா (ரஹ்) அவர்களுக்கு அக்கனவுகள் பொருட்டாகவே இல்லாமற் போயின.

மற்றொரு நிகழ்ச்சி. கிராமத்து அரபி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் தலை வெட்டப்பட்டு உருண்டோடுவதாகவும், அதன் பின்னே தாம் ஓடுவதாகவும் கனவு கண்டதைச் சொன்னார். உறக்கத்தில் ஷைத்தான் உம்மோடு விளையாடியதை மக்களிடம் சொல்லாதீர் என்னும் கருத்தில் அவரை அனுப்பி வைத்தார்கள். அவருக்கு அவர்கள் விளக்கமும் கூறவில்லை, பரிகாரமும் கூறவில்லை. கனவு ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்று இரவுகள்

"இப்ராஹீம் நபிக்கும் திரும்பத் திரும்பக் கனவு வந்ததே?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். அன்பு மகனை அறுப்பதாக இப்ராஹீம் (அலை) அவர்கள் தொடர்ந்து மூன்று இரவுகள் கனவு கண்டார்கள் என்று திருக்குர்ஆன் விரிவுரையாளர்கள் பலர் எழுதியிருக்கின்றார்கள். முதல் இரவுக்குப் பின் இது இறைவன் புறத்திலிருந்து வந்ததுதானா என்று நாள் முழுதும் சிந்தித்ததால் துல்ஹஜ் பிறை 8 'தர்வியா' நாள் என்றும், மறுநாள் உண்மையென அறிந்து கொண்டதால் பிறை 9 'அரஃபா' என்றும், மூன்றாம் நாள் நிறைவேற்ற முன்வந்ததால் பிறை 10 'நஹ்ரு' என்றும் பெயர் பெற்றதாகக் காரணம் கூறுவார்கள். ஹாஜிகள் தண்ணீர் சேமித்துக் கொண்ட நாள் என்பதால் 'தர்வியா' எனப் பெயர் வந்தது என்பாரும் உண்டு.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கனவில் வஹீ வரும் தகுதி பெற்ற நபியே, முதல் இரவிலேயே கத்தியை எடுத்து விடவில்லை, சிந்தித்தார்கள். கனவு உறுதியான பின்னரும் மகனை அழைத்து, உன் கருத்தென்ன என்று கேட்டார்கள் (37:102). நபிமார்களின் கனவு வஹீயாகும். அந்த வாசல் நம் நாயகம் (ஸல்) அவர்களோடு முடிந்து விட்டது. ஆகவே இன்று ஒருவன் மூன்று இரவல்ல, முந்நூறு இரவு கண்டாலும் தன் கனவை இப்ராஹீம் (அலை) அவர்களின் கனவோடு ஒப்பிட இடமில்லை.

நாயகம் (ஸல்) அவர்களுக்கும் ஒரே கனவு மறுபடியும் காட்டப்பட்டதுண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் உருவம் பட்டுத்துணி ஒன்றில் காட்டப்பட்டு, இவர் உம் மனைவி என்று கூறப்பட்டதாகக் கண்டார்கள். இரண்டு முறை என்று புகாரியிலும், மூன்று இரவுகள் என்று முஸ்லிமிலும் வந்துள்ளது. அப்போதும், இது அல்லாஹ்விடமிருந்து வந்ததாயின் அவனே நிறைவேற்றி வைப்பான் என்று கூறினார்களேயன்றி, அவசரம் காட்டவில்லை. கனவின் முன் ஒரு முஃமின் நிற்க வேண்டிய முறை இதுவே.

பலருடைய கனவுகள் ஒத்திருப்பதற்கும் ஒரு மதிப்புண்டு. லைலத்துல் கத்ரு இரவு ரமளானின் கடைசி ஏழில் இருப்பதாக ஸஹாபாக்கள் பலர் கண்டபோது, அக்கனவுகள் ஒன்றுபட்டிருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டி, அதை அந்நாட்களில் தேடச் சொன்னார்கள். பாங்கின் வாசகங்களை அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்கள் கனவில் கண்டு வந்து சொன்னார்கள். உமர் (ரலி) அவர்களும் அதையே கண்டிருந்தார்கள். ஆயினும் பாங்கு ஷரீஅத்தானது, இருவர் கண்ட கனவினால் அன்று. நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்று, பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கச் சொன்னதனாலேயாகும்.

எதைச் செய்யச் சொல்கிறது?

இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. கனவு எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதை விட்டு, அது எதைச் செய்யச் சொல்கின்றது என்று பார்க்க வேண்டும்.

அது முன்பே கடமையான ஒன்றைச் சொன்னால், கனவு நமக்கு நல்ல நினைவூட்டல். பத்தாண்டுகளாகப் பேசாத அண்ணனோடு சேரும்படி அத்தா கனவில் வந்து சொல்கின்றார் என்றால், உடனே சென்று ஸலாம் சொல்லட்டும். உறவைச் சேர்ப்பது கனவு வராவிட்டாலும் கடமைதான்.

அது ஹராமான ஒன்றைச் சொன்னால், நூறு முறை வந்தாலும் ஒதுக்கித் தள்ள வேண்டியதே. கனவில் சொன்னவர் எவ்வளவு பெரியவராகத் தோன்றினாலும் சரியே. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு ஓர் உதாரணம் தருகின்றார்கள். ஷஃபான் முப்பதாம் இரவு பிறை தென்படாத நிலையில், நாளை ரமளான் என்று நாயகம் (ஸல்) அவர்களே கூறுவதாக ஒருவர் கனவு கண்டாலும், அதை வைத்து ரமளான் நோன்பு பிடிப்பது கூடாது என்கின்றார்கள். நாயகத்தைக் கனவில் காண்பது உண்மையே. ஆனால் உறங்குகிறவன் கேட்டதைச் சரியாகப் பதிவு செய்யும் நிலையில் இல்லை என்பது அவர்கள் கூறும் காரணம்.

மூன்றாவது, செய்யவும் விடவும் அனுமதியுள்ள காரியங்கள். நிலத்தை விற்பது, ஓரிடத்தில் பெண் கொடுப்பது போன்றவை. இவற்றுக்கு மார்க்கம் வழி காட்டியிருக்கின்றது: விவரம் தெரிந்தவர்களிடம் ஆலோசனை, அல்லாஹ்விடம் இஸ்திகாரா. இஸ்திகாரா தொழுதால் கனவு வர வேண்டும் என்று பலர் காத்திருக்கின்றார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இஸ்திகாரா ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. துஆச் செய்து காரியத்தில் இறங்க வேண்டியதுதான்; நன்மையானால் அவன் எளிதாக்குவான், இல்லையெனில் திருப்பி விடுவான்.

சான்றோடு வந்த ஒரு கனவு

யமாமா போரில் ஷஹீதான தாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவு கூரத்தக்கது. அவர்களுடைய கவசத்தை ஒருவர் எடுத்துச் சென்று விட்டார். தாபித் (ரலி) வேறொருவரின் கனவில் தோன்றி, கவசம் இருக்கும் கூடாரத்தையும், அதன் மேல் கவிழ்த்து வைக்கப்பட்ட பாத்திரத்தையும், அதன் மேலுள்ள சேணத்தையும் அடையாளம் கூறி, தமக்குள்ள கடனையும் தெரிவித்தார்கள். இதை வெறும் கனவென்று விட்டுவிட வேண்டாமென்றும் சொன்னார்கள். காலித் பின் வலீத் (ரலி) ஆளனுப்பிப் பார்த்தபோது கவசம் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. அதன் பிறகே கலீஃபா அபூபக்கர் (ரலி) அந்த வஸிய்யத்தை நிறைவேற்றினார்கள். முதலில் தேடிப் பார்த்தார்கள், சான்று கிடைத்தது, பிறகு செயல்பட்டார்கள். அதுவும் யாருக்கும் அநீதி இழைக்காத ஒரு காரியத்தில்!

இதற்கு நேர்மாறாக நடப்பது என்ன? கனவில் பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள், எலுமிச்சம்பழம் கொடுத்தாள் என்பதற்காக, அவள்தான் சூனியம் செய்தாள் என்று தீர்மானித்து விடுகின்றார்கள். அவள் வீட்டுத் தண்ணீரும் ஆகாததாகி விடுகின்றது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள் என்று 'ஹுஜுராத்' அத்தியாயம் (49:12) எச்சரிக்கின்றது. விழித்திருப்பவனின் சந்தேகமே பாவமாகக் கூடும் என்றால், உறங்கியவனின் சந்தேகத்தைக் கொண்டு ஒரு முஃமினான பெண் மீது பழி சுமத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்! எந்தக் காஜியும் கனவைச் சாட்சியமாக ஏற்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து நாம் மட்டும் ஏற்கலாமா?

ஏர்வாடி தந்த பாடம்

கனவைக் கட்டளையாகக் கொள்வதன் விளைவைத் தமிழகம் ஒரு முறை கண்ணீரோடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். இத்தகைய காப்பகங்களுக்குப் பல ஊர்களிலிருந்தும், எல்லாச் சமயத்தவரும் தம் பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் கொண்டு வந்து விட்டிருந்தார்கள். கனவில் உத்தரவு கிடைத்த பின்பே நோயாளி ஊர் திரும்ப வேண்டும் என்னும் நம்பிக்கை அங்கே நிலவியது. அந்த உத்தரவுக்காக மாதங்கள் போயின, சிலருக்கு ஆண்டுகளும் போயின.

ஸியாரத்தைப் பற்றி இங்கே வாதம் செய்வது நம் நோக்கமன்று. அவ்லியாக்கள் மீது நாம் கொண்ட மதிப்பும் குறையவில்லை. ஆனால் மருத்துவம் செய்து கொள்ளுங்கள், மருந்தில்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்க, வராத கனவுக்காக ஒரு நோயாளியைச் சங்கிலியில் காத்திருக்க வைக்க யாருக்கு உரிமை? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்திருக்கின்றது. சட்டம் தடுப்பதற்கு முன்பே நம் மார்க்க அறிவு தடுத்திருக்க வேண்டும்.

பொருள் தேடும் முறை

அப்படியானால் திரும்ப வரும் கனவை என்னதான் செய்வது?

கனவு விளக்க நூலை வாங்கி, பாம்பென்றால் பகை, பல் விழுந்தால் மரணம் என்று விலைப்பட்டியல் போலப் பார்ப்பது பயன் தராது. இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 110இல் பஸராவில் மறைந்தவர்கள். அவர்கள் பெயரில் இன்று கடைகளில் கிடைக்கும் நூல் பிற்காலத்தவர் தொகுத்தது என்பதே ஆய்ந்தவர்களின் முடிவு. அவர்களுடைய முறையோ வேறு. பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் அவர்களிடம் வந்தார்களாம். ஒருவருக்கு ஹஜ் கிடைக்கும் என்றார்கள்; மற்றவருக்குத் திருட்டுக் குற்றம் என்றார்கள். முன்னவரிடம் நன்மையின் அடையாளத்தைக் கண்டு, ஹஜ்ஜுக்கு அறிவிப்புச் செய்யச் சொன்ன வசனத்தை (22:27) கொண்டு விளக்கினார்கள். பின்னவரிடம் அதைக் காணாமல், யூஸுஃப் (அலை) வரலாற்றில் அறிவிப்பாளன் கூட்டத்தாரைத் திருடர்கள் என்று அழைத்த வசனத்தை (12:70) கொண்டு விளக்கினார்கள். கனவு ஒன்றே, கண்டவர்கள் வேறு. பொருள் கனவுக்குள் இருப்பதை விட, கண்டவரின் வாழ்க்கையிலேயே அதிகம் இருக்கின்றது.

கனவுகளை எழுதி வைத்த ஒருவர் நம் பகுதியோடு தொடர்புடைய குடும்பத்தவர். திண்டுக்கல்லில் 1755இல் அதிகாரியாக அமர்ந்த ஹைதர் அலியின் மகன், ஷஹீத் திப்பு சுல்தான். தாம் கண்ட கனவுகளைத் தம் கைப்பட பார்ஸி மொழியில் அவர் எழுதி வந்தார். 1785 முதல் 1798 வரையிலான 37 கனவுகள் அதில் உள்ளன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்நூல் ஆங்கிலேயர் கைக்குச் சென்று, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. உயிரோடு இருந்தவரை அதை யார் கண்ணிலும் படாமல் அவர் மறைத்து வைத்திருந்தார். அக்கனவுகளில் மீண்டும் மீண்டும் வரும் பொருள், எதிரிகளை வெல்வதும் ஆங்கிலேயரை நாட்டை விட்டு விரட்டுவதுமாகும். ஆனால் 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் உட்பட பாதி நாடு போயிற்று. 1799 மே 4 அன்று அவர் களத்தில் ஷஹீதானார். கனவு அவருக்கு எதிர்காலத்தைக் காட்டவில்லை. அவர் உள்ளம் எதற்காகத் துடித்தது என்பதை மட்டும் தெளிவாகக் காட்டியது. நம் கனவும் பெரும்பாலும் இதையே நமக்குச் செய்கின்றது.

ஆகவே முதல் வேலை, யாரிடமும் சொல்லாமல் கனவைத் தேதியிட்டுக் குறித்து வைப்பதாகும். அன்று பகலில் என்ன நடந்தது, கனவில் வந்த உணர்ச்சி பயமா, வெட்கமா, ஏக்கமா என்பதையும் எழுதட்டும். பத்துக் குறிப்புகள் சேர்ந்தால் அது எந்த நாட்களில் வருகின்றது என்பது தானே தெரியும்.

இரண்டாவது, விழிப்பில் விடுபட்ட காரியம் ஏதேனும் உண்டா என்று பார்க்கட்டும். மௌத்தானவர் கனவில் வந்தால், அவருக்காக ஒரு வாக்குறுதி, ஒரு கடன், சகோதரிக்குத் தராமல் வைத்திருக்கும் வாரிசுப் பங்கு பாக்கியிருக்கின்றதா என்று கணக்கைப் பார்க்கட்டும். எதுவும் பாக்கியில்லையென்றால், அது பிரிவின் ஏக்கம். அவருக்காக துஆச் செய்து, இயன்றதை ஸதகா கொடுத்து ஆறுதல் அடையட்டும்.

மூன்றாவது, உடலைப் பார்க்க வேண்டும். நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துப் பகலில் அரைகுறையாக உறங்குகிறவர்கள், குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு நிற்பவர்கள், இரத்த அழுத்தத்திற்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரில் சிலருக்குக் கெட்ட கனவு அதிகமாவதுண்டு. மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மார்பின் மேல் ஏதோ ஏறி அமுக்குவது போலவும் கை கால் அசையாதது போலவும் தோன்றுவதை நம் ஊரில் 'அமுக்குவான்' என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி நீங்குமுன் அறிவு மட்டும் விழித்துக் கொள்வதே அது. பேயைத் தேட வேண்டியதில்லை.

நான்காவது, கனவின் பின்னே சொல்ல முடியாத ஒரு துயரம் இருக்கின்றதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். புதிதாக வாழ வந்த மருமகள், தன்னை யாரோ கிணற்றில் தள்ளுவதாகவே கனவு காண்கிறாள் என்றால், தாயத்து கட்டுவதற்கு முன் அவளுக்கு இந்த வீட்டில் என்ன பயம் என்று அன்போடு கேளுங்கள். பகலில் வாய் திறக்க முடியாதவர்களுக்கு இரவுதான் பேசுகின்றது. பள்ளிக்குப் போகப் பயந்து இரவில் அலறும் பிள்ளைக்கும் இதுவே. விபத்தையோ வன்முறையையோ கண்டவர்களுக்கு அதே காட்சி திரும்ப வருவது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. விழித்திருக்கும்போதே அக்கனவின் முடிவைத் தமக்கு விருப்பமானபடி மாற்றி எழுதி, தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியை மருத்துவர்கள் கற்றுத் தருகின்றார்கள். பலருக்குக் குணம் தெரிகின்றது. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கின்றது. 14416 என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். டாக்டரிடம் போவது ஈமானுக்குக் குறைவன்று. ஆயத்துல் குர்ஸீ ஓதி உறங்குவதோடு அதுவும் சேரட்டும்.

யூஸுஃப் (அலை) அவர்கள் மன்னனின் கனவுக்கு விளக்கம் கூறியபோது பஞ்சம் வரும் என்று அச்சுறுத்தியதோடு நிற்கவில்லை. ஏழாண்டுகள் பயிரிட்டு, தானியத்தைக் கதிரோடு சேமிக்க வேண்டும் என்று வேலையைச் சொன்னார்கள். நல்ல விளக்கம் மனிதனை அவன் வயலுக்குத் திருப்பி அனுப்பும். கெட்ட விளக்கம் அவனைப் பயத்திலும் பகையிலும் உட்கார வைக்கும். அடுத்த முறை அதே கனவு கதவைத் தட்டினால், நாளைக் காலையில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் கேட்டுக் கொள்வோமாக.

வல்ல அல்லாஹ் நம் உறக்கத்தை அமைதியாகவும், நம் விழிப்பைக் கடமையுணர்வு உள்ளதாகவும் ஆக்கி, ஷைத்தானின் ஊசலாட்டங்களை விட்டு நம்மையும் நம் பிள்ளைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.